இராகு காலத்தில் பச்சைக் கரண்ட்

வரிசையில் நீங்கள் பதினேழாவது ஆள் என்று பச்சைக் கரண்ட் கொம்பனியின் பதிவுக் குரல் போனில் சொன்னபோது சுவர் மணிக்கூட்டில் ஒன்பது ஐம்பத்தொன்று. ஆளுக்கு இரண்டரை நிமிடம், பதினேழு ஆளுக்கு நாற்பத்திரண்டரை, ஆகவே என் முறை வரும்போது பத்து முப்பத்துமூன்றரை, இராகு காலம் கழிந்து மூன்றரை நிமிடம். கணக்கைப் பார்த்து எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்து சோபாவில் சாய்ந்தேன். இப்போது சரியாகப் பத்து மணி, நான் ஒன்பதாவது ஆள். ஒன்பது நிமிடத்தில் எட்டுப் பேரைக் காணவில்லை. அவ்வளவு கெதியாய் ஒரு கொம்பனியும் பதில் சொல்லாது, ஆட்கள்தான் பொறுமை கெட்டுப் போனை வைத்துவிட்டுப் போகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றவென்று வந்த சனத்துக்கு ஒரு பாட்டு முடியும்வரை காத்திருக்க ஏலாது. நில்லுங்கோ, ஐயாமாரே, அம்மாமாரே, ஆளுக்கு இரண்டு கேள்வியாவது கேளுங்கோ, மீற்றரைப் பற்றி, காற்றாலையைப் பற்றி, துருவக் கரடியைப் பற்றி. நீங்கள் இப்படி ஓடினால் நான் இராகு காலத்துக்குள்ளேயே அகப்பட்டுவிடுவேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் எடுத்துவிடாதே, எடுத்துவிடாதே என்று வேண்டுகிறவன் இந்த லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வதனி காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் புறப்படும்போது வாசலில் நின்று சட்டம் வகுத்தாள். "இஞ்சாருங்கோ, ஒன்பதில இருந்து பத்தரை மட்டும் இராகு காலம். வரிசையில நிக்கலாம், கதைக்கப்படாது. கதைச்சாலும் ஓம் எண்டு சொல்லப்படாது." வரிசையில் நிற்பதும் தொடங்குவதுதானே என்றேன். "கலியாண மண்டபத்து வாசலில சப்பாத்துக் கழட்டுறது தாலி கட்டுறதோ? விசர்க் கதை கதையாமல் நில்லுங்கோ." ஆசிரியையுடன் வாதாடி வென்ற கணவன் யாரையும் எனக்குத் தெரியாது. பத்தரைக்குப் பிறகே எடுக்கலாந்தானே என்றால், சனிக்கிழமை இவர்கள் பதினொன்றுக்குப் பூட்டிவிடுவார்கள், போன கிழமை அப்படி எடுத்து வரிசையிலேயே பூட்டுப்பட்டேன். இணையத்தில் போடலாந்தானே என்றால், அந்தப் படிவத்தில் பெயருக்கான கட்டம் பன்னிரண்டு எழுத்துக்குமேல் வாங்காது, தவயோகராசாவுக்கு ஆங்கிலத்தில் பதினான்கு. கடைசி இரண்டு எழுத்தை வெட்டிவிட்டால் ஆர் அந்த மனிசன், அவன் வீட்டுக்கு ஏன் நான் கரண்ட் எடுத்துக் கொடுக்கவேண்டும்?

எட்டாவது ஆள். இரவு வேலையால் வந்த கால் இன்னும் சப்பாத்துக்குள் நிற்கிற மாதிரியே இருக்கிறது, சப்பாத்தைக் கழற்றி இரண்டு மணித்தியாலம் ஆகிறது. படுத்திருக்கவேண்டிய நேரம். ஆனால் பன்னிரண்டு மணிக்கு மகள் மிதுனாவின் பஸ் வந்துவிடும், நாளைக்கு அவளுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகம் போன முதல் பிறந்தநாளுக்கு ஒரு சங்கிலி என்று வதனி நகைக்கடை வாசலைத் தேய்த்துக்கொண்டு திரிய, பிள்ளை போனில் சொன்னாள், "எனக்குச் சங்கிலி வேண்டாம் அம்மா. வீட்டுக் கரண்டை மாத்துங்கோ. எண்ணெய் தோண்டிறவனுக்குக் காசு கட்டிற வீட்டில கேக் வெட்ட எனக்கு விருப்பமில்லை." எந்தக் கொம்பனிக்கு என்று வதனி கேட்க அவள் சொன்ன பதில்தான் ஒரு மாதமாக என் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. "அது அப்பா சொல்லட்டும். அப்பா அந்த முள்ளெலிக் கொம்பனிக்குள்ளதானே வேலை செய்யிறார். விளம்பரத்தை நம்பிறதை விட அவரை நம்பலாம்." உள்ளே வேலை செய்கிறேன் என்பது உண்மைதான். மூன்று மாடி, இரவு பத்தரையிலிருந்து காலை ஆறுவரை, மேசை துடைத்து, குப்பை எடுத்து, கழிவறை கழுவி. சுவர் நிறைய அந்த முள்ளெலி சிரித்துக்கொண்டு காற்றாலையைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும். பிள்ளை போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள், "அப்பா, அவை உண்மையா நல்ல ஆக்களோ?" பரவாயில்லாத ஆக்கள் என்றேன். "பரவாயில்லை எண்டால்?" நல்ல ஆக்கள் பிள்ளை என்றேன். மூன்றே மூன்று சொல். அவள் அதைக் கொண்டுபோய்த் தன் சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லி, நாலு பேர் அந்தக் கொம்பனிக்கு மாறிவிட்டார்களாம், அப்பாவின் பேரில்.

ஒரு கொம்பனி நல்லதா கெட்டதா என்று அறிய நான் நூலகத்தில் எடுத்த பிரதிகள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. ஆனால் எனக்கு உண்மையில் தெரிந்ததெல்லாம் அவர்களின் குப்பைத் தொட்டியில் இருந்து தெரிந்ததுதான். காகிதத்துக்கு நீலம், சாப்பாட்டுக்குப் பச்சை, மற்றதுக்குச் சாம்பல். அதற்குமேல் ஒரு பலகை சொல்லும், இங்கே குப்பை என்று ஒன்று இல்லை. இல்லைத்தான். மூன்றையும் நான் ஒரே கறுப்புப் பைக்குள் கொட்டிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒரு மாதம் மூன்று பையாகத்தான் கட்டினேன், முந்தி இரண்டு பேர் செய்த வேலைக்கு இப்போது நான் ஒருவன், ஒரு தள்ளுவண்டி, ஒரு லிஃப்ட். முடிக்க ஏழரை ஆகும், முதல் பஸ் போய்விடும். ஒருநாள் எங்கள் மேற்பார்வைக்காரர் குகதாசன் அண்ணை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "தம்பி யோகன், நீ என்ன தேர் அலங்காரமோ செய்யிறாய்? ஒரு பையில போடு, இழு, போ. வெளியில லொறிக்காரன் என்ன செய்யிறானெண்டு ஆர் கண்டது." அண்ணை, கொம்பனிக்காரருக்குத் தெரியுமோ என்றேன். "தெரிஞ்சால் எங்கட துப்புரவு ஒப்பந்தம் போயிடும். உனக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை. பேந்து முள்ளெலி வந்து எங்களுக்குச் சோறு போடுமோ?" முதல் நாள் கலக்கும்போது கை கூசியது. இரண்டாம் நாள் கொஞ்சம். நாலாம் நாள் கூசவில்லை, அதை நினைத்துத்தான் எனக்கு இப்போதும் பயம். இன்னும் எத்தனை விஷயத்தில் எனக்கு நாலாம் நாள் வந்து போயிருக்கும்?

ஐந்தாவது ஆள் என்கிறாள். நடுவில் இருந்த இரண்டு பேர் எங்கே? பத்து ஐந்து. போனில் போடுகிற பாட்டுக்கு இடையில் ஒரு கீறல் இருக்கிறது, டிக் டிக் டிக் டிக் என்று, பாட்டு நின்று திரும்பத் தொடங்குமுன். அதைக் கேட்கும்போதெல்லாம் தோள்மூட்டு நோகிறது. சைக்கிள் சில்லுச் சத்தம். ஊரில் சண்டையால் கரண்ட் நின்றபோது எனக்குப் பன்னிரண்டு வயது, ஒருநாள் இரண்டுநாள் இல்லை, வருஷக்கணக்காக நின்றது. சின்னய்யா தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, பெடலை என் கையில் கொடுத்தார். எங்கள் ஒழுங்கையின் அத்தனை வீட்டுக்கும் அன்றைக்கு நான்தான் மின்சாரசபை. செய்தி நேரம் வந்தால் பதினைந்து பேர் கூடுவார்கள், சின்னய்யா கத்துவார், "சுத்தடா தம்பி, செய்தி மெலியுது!" பாட்டுக் கசெற் போட்டால் இன்னும் பெரும்பாடு. பெண் பாடிக்கொண்டிருப்பாள், என் கை சோரச் சோர அவள் மெல்ல ஆம்பிளையாகி, பேந்து எருமையாகி, கடைசியில் ஒரு பெருமூச்சாகிவிடுவாள். சனம் என்னை ஏசும். உங்கள் மின்சாரத்தின் மூலம் எது என்று இந்தக் கொம்பனிக்காரர் எல்லாரும் படம் கீறி வைத்திருக்கிறார்கள், காற்று இவ்வளவு, வெயில் இவ்வளவு என்று. என்னுடைய படத்தில் பாதி புட்டு, பாதி வாழைப்பழம். புகை இல்லை, அணு இல்லை. ஆனால் நேர்மை இருந்ததோ? ரேடியோ நாடகத்தில் கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கிற இடத்தில் சுற்றுவதை நிறுத்திவிட்டு, எனக்குக் கை நோகுது என்பேன். பனங்காய்ப் பணியாரம் வந்தபிறகுதான் கடிதத்தில் என்ன இருந்தது என்று ஒழுங்கைக்குத் தெரியும். கரண்டைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு என்ன புத்தி வரும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவேண்டியதில்லை. பிறகு ஒருநாள் பின்னேரம் விமானச் சத்தம் கேட்டது. "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார்கள், மேலே இருக்கிறவனுக்கு எங்கள் ரேடியோ கேட்டுவிடும் என்பதுபோல. நான் கையை எடுத்துவிட்டேன், எல்லாரும் நிலத்தில் படுத்துவிட்டார்கள், சில்லு மட்டும் நிற்கவில்லை. தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது, டிக் டிக் டிக் டிக். அதை எட்டிப் பிடித்து நிறுத்த எனக்குக் கை வரவில்லை. குண்டு வேறெங்கோ விழுந்தது. அன்றைக்குப் பிறகு எது தன்பாட்டில் சுற்றினாலும், ஆராவது இதை நிறுத்துங்கோ என்று நினைக்கிறதோடு நான் சரி.

மூன்றாவது ஆள். போனில் வதனியின் செய்தி விழுகிறது. எடுத்தாங்களோ? இல்லை என்று போட்டேன். கடவுளே எண்டு நில்லுங்கோ, இன்னும் இருபத்துமூண்டு நிமிஷம் கிடக்கு என்று பதில் வந்தது. கடவுளை இதற்குள் கொண்டுவந்தது அவள்தான், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. ஏனென்றால் இந்தப் பச்சைக் கரண்ட் எனக்கு விளங்கினதே கோயிலால்தான். பிரதிகளைத் திருப்பித் திருப்பி வாசித்தும் ஒன்று பிடிபடவே இல்லை. எந்தக் கொம்பனிக்கு மாறினாலும் தெருவில் வருகிற வயர் ஒன்று, வீட்டுக்குள் வருகிற கரண்ட் ஒன்று, நிலக்கரிக் கரண்டும் காற்றுக் கரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வரும், பிறகு நான் எதைத் தெரிவு செய்கிறேன்? நான் கட்டும் காசுக்கு அளவாக எங்கோ ஒரு காற்றாலைக்காரனிடம் ஒரு சான்றிதழ் வாங்குவார்களாம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நிற்கும்போது விளங்கியது. அபிஷேகத்துக்கு ஆளுக்கொரு ரிக்கெற் எடுக்கிறோம், ஐயர் பெயரும் நட்சத்திரமும் சொல்கிறார், ஆனால் பால் எல்லாருடையதும் ஒரே வாளிதான். என் பால் பிள்ளையாரின் தும்பிக்கையில் விழுந்ததா, பக்கத்து வீட்டுக்காரனின் பால் விழுந்ததா என்று ஆரும் கேட்பதில்லை. ரிக்கெற் எடுக்கிற ஆட்கள் கூடினால் வாளியில் பால் கூடும், அவ்வளவுதான். இதை மிதுனாவுக்குச் சொன்னபோது அவள் போனிலேயே கைதட்டினாள், "அப்பா, இதை நீங்கள் எழுதவேணும்." எழுதலாம் பிள்ளை. ஆனால் ஐயர் பின்பக்கத்தில் வாளியைக் கழுவுநீரோடு சேர்த்துக் கொட்டுகிறார் என்றால், அந்த ஐயரே நான் என்றால், அதை எப்படி எழுதுவது?

"வணக்கம், காத்திருந்ததற்கு நன்றி, என் பெயர் ஓவென்" என்று ஆங்கிலத்தில் ஓர் இளங்குரல். பத்து ஒன்பது. கொம்பனியை மாற்ற எடுத்தேன் என்று சொல்லிவிட்டு, அது சம்மதமாகிவிட்டதோ என்று பயந்து, மாற்றுவது பற்றி யோசிக்கிறேன் என்று திருத்தினேன். இனி இருபத்தொரு நிமிடம் ஓம் சொல்லாமல் ஓட்டவேண்டும். பெயர் கேட்டான். வாழ்க்கையில் முதன்முறையாக என் பெயரின் நீளம் எனக்கு உதவியது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன், ரீ என்றால் ரொமாற்றோ, தக்காளியின் ரீ, எச் என்றால் ஹெட்ஜ்ஹொக், அவர்களுடைய முள்ளெலியின் எச். அவன் சிரித்தான், நானும் சிரித்து அதிலே அரை நிமிடம் எடுத்தேன். ஆறு ஏ-யோ, ஐந்து ஏ-யோ என்று அவன் கேட்க, எண்ணிப் பார்ப்போம் தம்பி என்று தொடக்கத்தில் இருந்து எண்ணினோம். ஐந்து. மீற்றர் வாசிக்கச் சொன்னான். படிக்கட்டுக்குக் கீழ் அலுமாரியைத் திறந்து, அரிசி மூட்டையையும் வதனியின் பழைய தையல் மெசினையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவைத்து, இழுத்துவைப்பதை அவனுக்கு நேர்முக வர்ணனையாகச் சொல்லி, இலக்கத்தைக் கண்ணாடி இல்லாமல் ஒருமுறை, கண்ணாடியோடு ஒருமுறை வாசித்தேன். பத்து பதினேழு. ஓவென், ஓவென் என்று உள்ளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அலுமாரிக்குள் குனிந்தபடியே பொறி தட்டியது. மூன்றாம் மாடி, யன்னல் ஓர மேசை, முள்ளெலிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஓவென் என்று ஒட்டியிருக்கும் சீட்டு. அவன் முகம் எனக்குத் தெரியாது, அவன் தொட்டி தெரியும். பச்சைத் தொட்டியில் வாழைப்பழத் தோலைத் தூக்கினால் அடியில் இறைச்சி பேர்கர் சுற்றிய தாள், இலை தழை தின்கிற அந்த அலுவலகத்தில். நீலத் தொட்டியில் மாதம் ஒருக்கா, நாலாகக் கிழித்த வேலை விலகல் கடிதம். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் நாலாகக் கிழித்த தாள் தானாகவே வாய் திறந்துவிடும். ஒன்றில், நாங்கள் சொல்கிறதை நாங்களே நம்புகிறோமா என்று தெரியவில்லை என்று இருந்தது. அந்தத் துண்டை மட்டும் நான் பைக்குள் போடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போட்டேன்.

"வேறு ஏதாவது கேள்வி இருக்கிறதா சார்?" இருந்தது, பத்துப் பத்தொன்பதுதானே. உங்கள் காற்றாலை எங்கே நிற்கிறது, பறவைகள் மோதாதா, காற்று இல்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தாளைப் பார்த்து வாசிக்கிறவன் மாதிரி நல்ல பதில் சொன்னான். உங்கட வீட்டில எந்தக் கொம்பனிக் கரண்ட் தம்பி என்றேன். தாளில் அது இல்லை போல. "நான் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறேன் சார். வீட்டுக்காரர் பழைய கொம்பனிதான் வைத்திருக்கிறார். கேட்டுப் பார்த்தேன்" என்றான். பொய் சொல்லியிருக்கலாம், ஒருத்தருக்கும் தெரியவராது. அவன் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குக் கால் வழுக்கியது. இரண்டு நிமிடம் போகட்டும் என்று மட்டும் நினைத்து, சத்தியமாக அதற்கு மட்டும் நினைத்து, "உங்கட அலுவலகத்தில குப்பையை என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவன் குரல் பிரகாசமானது. "நல்ல கேள்வி சார்! எங்கள் ஆண்டறிக்கையில் ஒரு பக்கமே இருக்கிறது. மூன்று நிறத் தொட்டி. ஒரு துண்டும் கலப்பதில்லை. எங்கள் இரவுக் குழு அதில் மிகவும் கவனம்." குழு. குழு என்றால் நான். தலைவரும் நான், செயலாளரும் நான், கறுப்புப் பையும் நான். அறிக்கையில் பக்கமே போட்டு என்னை நம்பியிருக்கிறார்கள், மிதுனாவின் யூனிவேர்சிற்றியில் நாலு பெட்டைகள் என்னை நம்பியிருக்கிறார்கள், என்னை நம்பின ஒருத்தி இப்போது பஸ்ஸில் யன்னல் ஓரமாக வந்துகொண்டிருக்கிறாள். வங்கி விபரம், பிறந்த திகதி, தபால் இலக்கம், எல்லாம் கேட்டான், எல்லாம் மெதுவாகச் சொன்னேன்.

"கடைசியாக ஒன்று சார், இது எங்கள் புள்ளிவிபரத்துக்கு. எங்களை எப்படி அறிந்தீர்கள்? விளம்பரம், இணையம், நண்பர் சொல்லி?" பத்து இருபத்தேழு. நண்பர் என்று சொன்னால் முடிந்தது. மூன்று நிமிடம் மீற்றரைத் திரும்ப வாசித்து, பத்தரைக்கு ஓம் சொல்லி, பன்னிரண்டுக்குப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து, நாளைக்குக் கேக் வெட்டி, திங்கள் இரவு பத்தரைக்கு மூன்று தொட்டியையும் ஒரு பையில். அவள் ஒருநாளும் அறியப்போவதில்லை. சில்லு தன்பாட்டில் சுற்றும். பழைய கொம்பனியிலேயே இருந்துவிடலாமோ, அவன் தொட்டியை நான் காணவில்லை, காணாத தொட்டி நல்ல தொட்டி. அப்படியென்றால் பிள்ளைக்கு என்ன சொல்கிறது, நல்ல ஆட்கள்தான், ஆனால் நான் அல்ல என்றா? "சார்? இருக்கிறீர்களா?" இருக்கிறேன் என்றேன். "ஓவென், நான்தான் உங்கட இரவுக் குழு." சொன்னேன். மூன்று நிறமும், ஒரு பையும், லிஃப்டும், ஏழரையும், முதல் பஸ்ஸும், லொறிக்காரனும். குகதாசன் அண்ணையின் பெயரைச் சொல்லவில்லை, அவருக்கு மூன்று பிள்ளைகள். சொல்லி முடிய அவன் குரலைத் தாழ்த்தி, "மூன்றாம் மாடியுமா?" என்றான். மூன்றாம் மாடியும் தம்பி. "அப்படியென்றால்... என் தாள்கள்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் பக்கத்தில்தான் நின்றது. "நாலாகக் கிழிச்சால் காணாது தம்பி. எட்டாகக் கிழியுங்கோ." இரண்டு பேரும் சிரித்தோம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு. பேர்கரைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் தொடங்கவில்லை.

பிறகு அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னான், "பட்டியலில் 'வேறு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள் சொன்னதை அதில் எழுதலாம். எழுதினால் திங்கள் காலை மேலிடம் கட்டாயம் வாசிக்கும். எழுதாமலும் விடலாம், நண்பர் சொல்லி என்று போட்டுவிடுகிறேன். உங்கள் வேலை போகலாம் சார். எழுதட்டுமா?" மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து இருபத்தொன்பது. போன் கன்னத்தில் அதிர்ந்தது, வதனியின் செய்தி, இன்னும் ஒரு நிமிஷம், வாயைத் திறக்காதேங்கோ. "தம்பி, ஒரு நிமிஷம் பொறுக்க ஏலுமோ?" என்றேன். பொறுக்கலாம் சார் என்றான். அந்த ஒரு நிமிடமும் மணிக்கூட்டின் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், டிக் டிக் டிக் டிக். பன்னிரண்டு மணிக்கு அவள் பையை இறக்கி வைக்கும்போதே சொல்லவேண்டும், தேத்தண்ணிக்கு முதல், நல்ல ஆக்கள் எண்டு சொன்னனான் பிள்ளை, ஒரு ஆள் குறையச் சொல்லிப்போட்டன், என்னைப் பற்றிச் சொல்லேல்லை. அவள் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தேன், யோசித்து முடியவில்லை, முள் மேலே வந்துவிட்டது. பத்து முப்பது. வதனியின் கணக்குக்கு இன்னும் ஒரு சுற்று விட்டேன். பத்து முப்பத்தொன்று. "கரண்டுக்கும் ஓம், மற்றதுக்கும் ஓம்" என்றேன். "அந்தக் கட்டம் எத்தனை எழுத்து வாங்கும்?" எவ்வளவும் வாங்கும் என்றான். "அப்ப எழுதுங்கோ. சொன்னது ஆரெண்டும் போடுங்கோ" என்று சொல்லி, அவன் பிழை விடக்கூடாதென்று, தக்காளியின் ரீயில் இருந்து திரும்பவும் தொடங்கினேன்.